நாற்பத்தொன்றாம் பொந்து

ஜூன் 6, சனி

அன்புள்ள அண்ணிக்கு,

விசாரணை ஜூன் 19, வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு. நேற்று மாலை நான்கு மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பக்கத்தில் நின்று நானே படித்தேன். கேட் எழுத்தரிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். "மாத்திரை பேக்கிங் பிரிவுக்குள் போன் கொண்டுசென்று படம் எடுத்தது தொடர்பாக" என்று இருக்கிறது. உங்கள் பெயர் இல்லை, பணி எண் மட்டும் போட்டிருக்கிறார்கள். அது யாருடைய எண் என்று தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை.

விசாரணைவரை வேலைக்கு வரவேண்டாம் என்றதும் போனீர்களே, மகள் வீடு சௌகரியமாக இருக்கிறதா? பேத்தி தவழ்கிறாளா? அண்ணன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார். நீங்கள் இல்லாததால் டிவிதான் அவரோடு குடித்தனம் நடத்துகிறது.

அவர்கள் கையில் இருப்பது இரண்டே விஷயம். ஒன்று, அரசு மருந்து ஆய்வு அலுவலகத்துக்கு யாரோ பெயர் போடாமல் அனுப்பிய அந்தப் படம். கூரை ஒழுகி மாத்திரை அட்டைகள்மேல் சொட்டுவது அதில் தெரிகிறது. பின்னால் இருக்கும் பலகையில் மே 27 என்ற தேதியும் தெரிகிறது. இரண்டாவது, உள்ளே போகுமுன் கேட்டில் நம் போன்களைப் போடும் அலமாரியின் பதிவேடு. அன்றைக்கு 41க்கு நேரே டிக் இல்லை. 41 உங்களுக்குக் கொடுத்த பொந்து. ஆகவே போனை உள்ளே கொண்டுபோனது நீங்கள்தான் என்று கணக்கை முடித்துவிட்டார்கள்.

மேலாளர் பிறந்தநாளுக்கு அதே இடத்தில் கேக் வெட்டியபோது நான்கு பேர் படம் எடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் கழுத்தில் அதிகாரிகளுக்கான நீலக் கயிறு. விதிக்கு நீலத்தைக் கண்டால் கண் தெரியாது.

எனக்கு நம் பேக்கிங் வரிசைச் சோடாபுட்டிமேல்தான் சந்தேகம். அவளுக்கு இரண்டு போன் என்று பேச்சு. ஒன்றைப் பொந்தில் போட்டுவிட்டு மற்றதை உள்ளே கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும்? நான் யாரையும் சொல்லவில்லை. சொல்கிறார்கள் என்று சொல்கிறேன்.

மாப்பிள்ளை போனிலிருந்தும் என்னைக் கூப்பிடாதீர்கள். வருகைப் பதிவுக்கு என்று எல்லோர் போனிலும் ஒரு ஆப் ஏற்றினார்களே, அது மைக் அனுமதியையும் கேட்டது. நான் வந்தேனா இல்லையா என்று தெரிந்துகொள்ள என் குரல் எதற்கு? முழங்கால் வலி என்று வாய்விட்டுச் சொன்னேன். மறுநாளே முழங்கால் பட்டை விளம்பரம் வருகிறது. தபால்தான் நல்லது.

உங்கள்
ஏணி


ஜூன் 9, செவ்வாய்

அன்புள்ள ஏணிக்கு,

உன் கடிதம் நேற்று பகல் தபாலில் வந்தது. பேத்தி தவழவில்லை, உருள்கிறாள். போக வேண்டிய இடத்துக்கு எப்படியோ போய்விடுகிறாள்.

என் போனை 4ஆம் தேதி வாங்கினார்கள். இன்றுவரை திரும்பவில்லை. ரசீது கேட்டேன். "எங்க மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்றார் பணியாளர் அதிகாரி. "நம்பிக்கை இருக்கு சார், அதையே ஒரு தாள்ல எழுதிக் குடுங்க" என்றேன். கொடுக்கவில்லை. அதில் மகளின் பிரசவ ரிப்போர்ட் இருக்கிறது. உன் அண்ணன் குறட்டையை அவருக்கே போட்டுக் காட்டுவதற்காகப் பதிவு செய்ததும் இருக்கிறது. இப்போது அதை எந்த அறையில் யார் உட்கார்ந்து கேட்கிறார்களோ. கேட்டால் கேட்கட்டும், நான் இருபத்தாறு வருஷமாகக் கேட்கிறேன்.

மாப்பிள்ளை சொல்கிறார், "ஒளிக்க ஒண்ணுமில்லேன்னா என்ன பயம் அத்தை?" நான் கேட்டேன், "அப்ப தலைச்சாயத்தை ஏன் மாப்பிள்ளை பீரோவுக்குப் பின்னால வைக்கிறீங்க?" மகள் சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துவிட்டது.

இன்னொன்று. அந்தப் படத்தை என்னிடம் காட்டினார்கள். அட்டைப்பெட்டி அடுக்குக்கு மேலாக எடுத்திருக்கிறது. அந்த அடுக்கு என் தலைக்கு மேலே இரண்டு சாண் போகும். நான் ஸ்டூல் போட்டு ஏறினால்கூட இவ்வளவு நேராக வராது. இதை அவர்களிடம் சொல்லவில்லை.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். 27ஆம் தேதி உன் போன் எங்கே இருந்தது?

அன்புடன்
அண்ணி


ஜூன் 12, வெள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

என் போன் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. பதிவேட்டில் 17க்கு நேரே டிக் இருக்கிறது. 17 எனக்குக் கொடுத்த பொந்து.

இந்தக் கேள்வியை உங்களைக் கேட்கச் சொன்னது யார்? உறையின் மடிப்பில் பசை இரண்டு தடவை தடவியிருந்தது. முதல் பசைக்கு மேலே இரண்டாவது பசை, ஓரத்தில் தாள் உரிந்திருக்கிறது. யாராவது நடுவில் பிரித்தார்களா, அல்லது நீங்கள் யாருக்காவது காட்டிவிட்டு அனுப்பினீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது யாரை நம்புவது என்றே தெரியவில்லை.

நேற்று சோடாபுட்டியைத் தனியாகக் கூப்பிட்டுப் பையைக் கொட்டச் சொன்னார்கள். செருப்பைக்கூடக் கழற்றச் சொன்னார்கள். இரண்டாவது போன் கிடைக்கவில்லை. பழைய கண்ணாடிக் கூடு ஒன்றுதான் கிடைத்தது. அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போடும்போது, தர அதிகாரி காதில் போனை வைத்து "ஹலோ ஹலோ" என்று அவளைத் தாண்டி உள்ளே போனார். கேட் எழுத்தர் எழுந்து வணக்கம் வைத்தார்.

என் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. விசாரணைக்குப் பிறகுதான் நீட்டிப்பதைப் பற்றிப் பேச்சு என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். உங்களுக்குக் கேட்பதற்காவது ஒரு விசாரணை வைக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் கிடையாது. "நாளையிலேருந்து வரவேணாம்" என்று ஒரு வார்த்தைதான்.

உங்கள்
ஏணி


ஜூன் 15, திங்கள்

அன்புள்ள ஏணிக்கு,

உறையை இரண்டு தடவை ஒட்டியது நான். முதலில் இப்போது எழுதப்போவதையெல்லாம் எழுதி ஒட்டிவிட்டேன். பிறகு பிரித்து அந்தத் தாளை மட்டும் எடுத்துவிட்டேன். நீயாகச் சொல்வாய் என்று நினைத்தேன்.

நீ வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது நாள். எனக்கு மேல்வரிசையில் 41, உனக்குக் கீழ்வரிசையில் 17. நான் எட்டிக் குதித்துப் போனைப் போடுவதைப் பார்த்து நீ சிரித்தாய். "குடுங்க அண்ணி, நான் மேல போட்டுக்கறேன், நீங்க கீழ போட்டுக்குங்க" என்றாய். அன்றைக்குத்தான் உனக்கு ஏணி என்று பெயர் வைத்தேன். ஆறு வருஷமாக என் போன் 17இல், உன் போன் 41இல். கேட் எழுத்தர் பார்த்துச் சிரிப்பார். எண்ணுக்கு டிக் போடுவாரே தவிர ஒரு நாளும் எழுதி வைத்தது இல்லை.

ஆகவே 27ஆம் தேதி 17இல் இருந்த டிக் என்னுடையது. 41இல் இல்லாமல் போனது உன் போன்.

நீ படம் எடுத்ததில் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஒழுகலைப் பற்றி நான் மூன்று தடவை வாயால் சொன்னேன்; ஒரு வாளி கொண்டுவந்து வைத்தார்கள். யாரோ நோயாளி வாயில் போடும் மாத்திரை அது. எடுக்க வேண்டிய படம்தான். ஆனால் நீ எனக்கு எழுதிய இரண்டு கடிதத்திலும் எல்லோரையும் சந்தேகப்பட்டாய், ஆப்பைச் சந்தேகப்பட்டாய், கடைசியில் என்னையும் சந்தேகப்பட்டாய். உன் ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டாய். அந்தப் பெண் செருப்பைக் கழற்றி நின்றாளே, அதைப் பார்த்துக்கொண்டு நீ எப்படி நின்றாய்?

22 வருஷ வேலை எனக்கு. வெள்ளிக்கிழமை கேட்டால் பொந்து மாறியதைச் சொல்லுவேன். பொய் சொல்லி என் வேலையை விட முடியாது. யாருடன் மாற்றினேன் என்று நான் சொல்லாவிட்டாலும் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஐந்து நிமிஷம் போதும்.

இது உனக்குப் புதன்கிழமை கிடைக்கும். நடுவில் ஒரு நாள் இருக்கிறது.

அண்ணி


ஜூன் 18, வியாழன்

அண்ணி,

இன்று காலை 9.10க்கு பணியாளர் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். படம் எடுத்தது நான், அனுப்பியதும் நான், 41இல் ஆறு வருஷமாக வைத்தது என் போன் என்று மூன்று வரி. நகலில் முத்திரை வாங்கியிருக்கிறேன், இதோடு இருக்கிறது. நீங்கள் கேட்டுக் கிடைக்காத ரசீதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. என் போனையும் வாங்கிக்கொண்டார்கள்.

நீங்கள் நிரந்தரம், ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சந்தேகப்படுவதற்கு வேறு யாராவது தேவைப்பட்டார்கள். சோடாபுட்டியிடம் மதியம் போய்ச் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இன்னொரு செய்தி, கேட் எழுத்தர் சொன்னது, எழுத்தில் நான் பார்க்கவில்லை: பொந்து மாற்றி வைத்ததை உங்கள்மேல் புதுக் குற்றமாகச் சேர்க்கிறார்களாம். ஆறு வருஷம் பார்த்துச் சிரித்த மனுஷன் அவர். "எனக்கு எதுவும் தெரியாதும்மா, நான் எண்ணை மட்டும்தான் பார்ப்பேன்" என்றார். நாளை அவரையும் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தபாலில் போட்டால் நாளைக்குள் வராது. அண்ணன் உங்களைக் கூட்டிவரக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். பசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளை பத்து மணிக்குக் கேட்டில் நிற்பேன். உங்கள் பக்கத்தில் நிற்கலாமா, தள்ளி நிற்க வேண்டுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இருவர் கையிலும் போன் இருக்காது. 17ம் காலி, 41ம் காலி. கேட் எழுத்தர் எதற்கு டிக் போடுவார் என்று தெரியவில்லை.

நம் இருவரையும் சேர்த்து விசாரிப்பார்களா, தனித்தனியாகவா என்பது இன்னும் முடிவாகவில்லை. விசாரணையின் முடிவு திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குள் பலகையில் வரும் என்று அதிகாரி சொன்னார்.

உங்கள் முடிவு பத்து மணிக்கே தெரிந்துவிடும்.

ஏணி