மருத்துவர் கொற்றியாரை விடுவிக்கும் ஓலை

நலம் ஓங்குக. கடல்சூழ் செந்தாழை நாட்டை ஆளும் வேந்தர் நெடுவேளாதனாரின் அமைச்சர் கண்ணஞ்சாத்தனார், வடவெல்லைக் கற்கோட்டைக் காவற்றலைவர் கீரம்பூதனாருக்கு விடுக்கும் ஓலை. நும் மதில் உறுதியாய் நிற்க; நும் கிணறுகள் வற்றாதிருக்க; நும் மறவர் நலமே வீடு திரும்புக.

நும் சிறையில் ஒரு திங்களாய் அடைபட்டிருக்கும் மருத்துவர் கொற்றியார் செய்த குற்றம் யாதென நும் ஓலை வினவியது. உண்மையைச் சொன்னதே அவர் குற்றம்.

படைத்தலைவர் மருதஞ்சேந்தனார் ஓராண்டாய் நெஞ்செரிவால் துன்புற்றார். உணவு இறங்கும் வழியில் புண் கண்டிருப்பதாகக் கூறிய கொற்றியார், அதிமதுரமும் பத்தியமும் கொடுத்துப் பன்னிரண்டு நாளில் எரிவை அடக்கினார். அடங்கியதும் தலைவர் குதிரை கேட்டார். கொற்றியார் இசையவில்லை. சங்குப்பூச் சாற்றில் தோய்த்த நீலத் துணியில் நாள்தோறும் விடியலில் தலைவரின் உமிழ்நீரை ஒற்றி எடுத்து வந்தார். வயிற்றுப் புளிப்பு மேலேறினால் நீலம் சிவக்கும். மலம் மைபோல் கறுத்தால் உள்ளே குருதி கசிகிறது என்பதால் அதையும் நாள்தோறும் கேட்டறிந்தார்.

படையெடுப்பு நாள் குறித்தபோது, இருபத்தொரு துணிகளையும் அவையில் விரித்தார். முதல் துணிகள் செக்கச் சிவந்திருந்தன. பின்னவை ஊதாவாய் மாறியிருந்தன. நீலமாய் நின்றது ஒன்றுமில்லை. எரிவுதான் அடங்கியது, புண் ஆறவில்லை, இன்னும் நாற்பது நாள் வேண்டும் என்றார். உடம்புக்கு உடையவன் நானே நலமென்கிறேன், கந்தல் துணி இல்லையென்கிறது, வேந்தர் எதை நம்புவார் என்று தலைவர் கேட்டார். அவை சிரித்தது. பகைவரிடம் பொன் வாங்கிப் படையைத் தடுக்கிறாள் என்று எவரோ சொல்ல, வேந்தர் அதை ஏற்றார். கொற்றியார் ஒருவரையும் வையவில்லை; துணிகளை ஒவ்வொன்றாய் மடித்து எடுத்துக்கொண்டார். அவரைச் சிறையிடும் ஓலைக்கு முத்திரை வைத்த கை, இவ்வோலையை எழுதும் அமைச்சரின் கையே.

படை புறப்பட்ட ஒன்பதாம் நாள், ஆற்றைக் கடக்கையில் மருதஞ்சேந்தனார் குருதி கக்கி, குதிரைமேலேயே உயிர் நீத்தார். தலைவனை இழந்த படை சிதறியது; நானூற்றுவர் மீளவில்லை. தலைவரின் பையைத் திறந்தபோது எட்டு நீலத் துணிகள் கிடைத்தன, எல்லாம் சிவந்திருந்தன. விடியல்தோறும் மறைவில் தாமே ஒற்றிப் பார்த்திருக்கிறார். தெரிந்தே போனார், அவையைச் சிரிக்க வைத்தபின் திரும்பிவர நாணினார் போலும்.

செய்தி வேந்தரை எட்டியது. மூன்றாம் நாள் அவர், கொற்றியாரை மன்னித்து விடுவித்தோம் என எழுதுமாறு பணித்தார். மன்னித்தோம் என்ற சொல்லை எழுத அமைச்சருக்கு எழுத்தாணி ஓடவில்லை. ஆகவே குற்றமற்றவர் என்றே எழுதப்படுகிறது. வேந்தர் வினவினால், மாற்றி எழுதியதற்குரிய தண்டனை அமைச்சரைச் சேரும், நும்மைச் சேராது.

எனவே ஆணை இது: ஓலை கண்டதும் அவர் தளையை நீரே நும் கையால் அகற்றுக. கோநகருக்கு வருமாறு ஒருவரும் அவரை வற்புறுத்தற்க. அவர் எந்நாட்டு வழியைக் கேட்பினும், எல்லை கடக்கும்வரை காவல் தந்து அனுப்புக. அமைச்சரின் பெயரை அவர் முன் எடுக்க வேண்டா.

ஐப்பசித் திங்கள் பதினான்காம் நாள், வேந்தரின் முத்திரையை அமைச்சர் கையால் இட்டு முடித்தது.