ஜாஸ்தியும் ப்ளூ டிக்கும்

காலையில் பெய்த சின்ன மழையில் நனைந்துகொண்டு வந்த ஜாஸ்தி, என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று உடம்பை ஒரு உதறு உதறியது. போர்வை, மூக்குக்கண்ணாடி, போன், எல்லாவற்றின் மேலும் தண்ணீர். திட்டுவதற்காகத்தான் எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஈர நாய் வாசனை முகத்தில் பட்டதும், எதற்கு எழுந்தேன் என்பதே மறந்துவிட்டது. வாசலில் உன் ஸ்கூட்டர் நிற்கிறது, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "இன்னாய்யா, இன்னும் படுக்கைதானா?" என்று கேட்கப் போகிறாய் என்று கொஞ்ச நேரம் நிஜமாகவே நம்பினேன். அரைத் தூக்கத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதெல்லாம் அவ்வளவு சரியாகத் தெரிவதில்லை. அந்த மயக்கம் கலைவதற்குள் உனக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்! வந்ததும் நம் முதல் வேலை லைன் பார்ப்பது. ஊரில் இருக்கும் இணைப்புகளில் கொஞ்சத்தை எடுத்து, ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். நான் சோம்பேறி. மணி அடித்து, "ஹலோ, எக்ஸ்சேஞ்சிலேர்ந்து பேசறோம், கேக்குதுங்களா?" என்று கேட்டு முடித்துவிடுவேன். நீ அப்படிச் செய்யமாட்டாய். மணி அடிக்காமல், மீட்டரில் முள் அசைவதை மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்வாய். "எதுக்குய்யா தூங்கறவங்கள எழுப்பணும்? லைன் உயிரோட இருக்குன்னு தெரிஞ்சா போதும்ல" என்பாய். உன் மேஜையில் அந்த வேலை முடிய என்னைவிட அரைமணி நேரம் கூடுதலாகும். அதற்காக உன்னை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு நீ அடி அண்ணாமலையில் வீடு கட்டிக்கொண்டு போனாய். நான் தேரடித் தெருவுக்குப் பின்னால் இந்தப் பழைய வீட்டிலேயே இருந்துவிட்டேன். நமக்கு நடுவில் மலை. உன் வீட்டு வாசலில் தெருநாய் ஒன்று ஆறு குட்டி போட்டது. ஐந்துக்கு வீடு பிடித்துக் கொடுத்துவிட்டு, ஆறாவதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். "ஒண்ணு ஜாஸ்தியா போச்சுய்யா, நீ வச்சுக்கிறியா?" என்றாய். "எங்க வீட்ல எடம் கம்மி" என்று நான் கையை விரித்தேன். கேட்டது பாதி, கிண்டல் பாதியாக அன்று வைத்த பெயர் அதற்கு அப்படியே ஒட்டிக்கொண்டது, குட்டி உன்னோடே திரும்பிப் போனது.

பிறகு என் மனைவி போய்விட்டாள். அந்த நாட்களைப் பற்றி உன்னிடம் நான் பேசியதில்லை, நீயும் கேட்டதில்லை. பெங்களூரில் இருக்கும் மகள் போன் செய்தால் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். பால்காரர் வைத்த பாக்கெட் மத்தியானம்வரை வெயிலில் கிடக்கும். எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று தோன்றாத காலைகள் அவை.

அப்போதுதான் வாட்ஸ்அப்பில் உன் படங்கள் வர ஆரம்பித்தன. தினமும் ஆறரைக்கு, உன் வீட்டு மாடியிலிருந்து எடுத்த மலை. உன் பக்கத்தில் சூரியன் மலைக்குப் பின்னால்தானே வரும்? அதனால் மலை கறுப்பாக, விளிம்பில் மட்டும் வெளிச்சத்தோடு இருக்கும். மூலையில் ஜாஸ்தியின் ஒரு காது. ஒரு வரி எழுத்து கிடையாது, வணக்கம் கிடையாது, பூப்போட்ட பொன்மொழி கிடையாது. அதே நேரத்தில் என் ஜன்னலுக்கு வெளியே அதே மலையில் முழு வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நான் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

"ஒரே மலைய எத்தன தடவதான்யா அனுப்புவ? போன் ரொம்பித் திணறுது" என்றேன் ஒரு நாள்.

"ஒரே மலையா? நல்லா பாருய்யா, நேத்திக்கு மேகம் இருந்துச்சு" என்றாய்.

நல்லாப் பார்க்க எனக்கு ஏது நேரம்? போனில் செஸ் விளையாடப் பழகியிருந்தேன். எந்த நாட்டு ஆள், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத யாரோ ஒருவருடைய அடுத்த நகர்த்தலுக்காகப் பத்து நிமிடம் கண்ணிமைக்காமல் காத்திருப்பேன். உன் படத்தை மட்டும் திறந்த கையோடு அழித்துவிடுவேன். எத்தனை காலைகளை அப்படி அழித்தேனோ! இப்போது தேடினால் என் போனில் நாலு படம்தான் மிச்சம். ஒன்றில் மலையே இல்லை, பனிதான் இருக்கிறது. அதைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். அந்தப் பனிக்குப் பின்னால் நீ போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருக்கும்.

படத்தைப் பார்த்துவிட்டுப் பதில் போடாததற்கு நீ ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. எனக்குத்தான் உறுத்தல். பொங்கலுக்கு வந்த மகளிடம், "பாத்தா பாத்துட்டேன்னு காட்டிக் குடுக்குதே, இத நிறுத்த முடியாதா?" என்று கேட்டேன். அவள் இரண்டு தட்டு தட்டி ப்ளூ டிக்கை நிறுத்திக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவன் மாதிரி எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரத்திலிருந்து நீயே நேரில் வர ஆரம்பித்தாய். எட்டு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம், முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் ஜாஸ்தி. "நாய்க்கு ஊசி போடணும், இந்தப் பக்கம் வந்தேன்" என்பாய். மறுநாள் வண்டிக்குக் காற்றடிக்க வந்திருப்பாய். இன்னொரு நாள், அடி அண்ணாமலைப் பக்கம் நல்ல புதினா கிடைப்பதில்லை என்பாய். உள்ளே வந்து என்னை ஒரு பார்வை பார்ப்பாய், அரை டம்ளர் காபி குடிப்பாய், போய்விடுவாய். எத்தனை ஊசிதான் போடுவார்கள் ஒரு நாய்க்கு என்று எனக்கு ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை.

பௌர்ணமி அன்றைக்குக் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். அன்றாவது வரமாட்டாய் என்று படுத்திருந்தேன். எட்டரைக்குக் கதவு தட்டுகிறது. கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்திருக்கிறாய். சட்டை முழுக்க வியர்வை, நாயின் நாக்கு தரையைத் தொடுகிறது. சாமி கும்பிடக்கூடச் சோம்பல்படும் ஆள் நீ. "இன்னாய்யா புதுசா பக்தி?" என்று சிரித்தேன். "போற வழிதானே" என்று சொல்லிவிட்டு நாய்க்குத் தண்ணீர் கேட்டாய். சத்தியமாக நான் வேறு எதையும் நினைக்கவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மாசி மாதத்தில் ஒரு காலை உன் படம் வரவில்லை. நீயும் வரவில்லை. நிம்மதியாக ஒரு ஆட்டம் செஸ் ஆடினேன். பத்து மணிக்கு உன் மனைவியின் போன் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றார்கள்.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணா, உங்களுக்கு போட்டோ அனுப்புறத அவரு இன்னான்னு சொல்வாரு தெரியுமா? லைன் பாக்கறேன்னுதான் சொல்வாரு. ப்ளூ டிக்கு வந்துட்டா, 'எழுந்துட்டான், இருக்கான்'னு சொல்லிட்டு டிபன் சாப்பிட ஒக்காருவாரு. பொங்கலுக்கு அப்புறம் டிக்கே வரல. பயந்துட்டாரு. அதான் தெனமும் வண்டிய எடுத்துக்கினு வந்தாரு."

"ஒரு போன் போட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

"கேட்டேனே. 'போன் போட்டா நல்லா இருக்கேன்னு சொல்லிடுவான்'னாரு. 'தூங்கினா தூங்கட்டும், எழுப்பக் கூடாது'ன்னாரு."

நான் அழுதேன். என் மனைவிக்குக்கூட அப்படி வாய்விட்டு அழவில்லை.

மூட்டு வலியோடு நாயைப் பார்த்துக்கொள்ள உன் மனைவியால் முடியவில்லை என்று ஜாஸ்தியை நான் கூட்டி வந்தேன். இடமெல்லாம் தாராளமாகத்தான் இருக்கிறது. முதல் ஒரு வாரம் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தது. ஆறரைக்கு மேலே ஏறி, கைப்பிடிச் சுவரில் முன்னங்காலை வைத்து மலையைப் பார்க்கும். நானும் பின்னாலேயே போனேன். அப்போதுதான் என் பக்கத்து மலையை ஒழுங்காகப் பார்த்தேன். வெயில் உச்சியிலிருந்து மெதுவாக இறங்கி, பாறை பாறையாகத் தொட்டுக்கொண்டே வருகிறது. அந்த நேரத்தில் உன் பக்கம் இன்னும் விடியாமல் கறுப்பாகக் கிடக்கும். அங்கே உன் மனைவி தனியாக எழுந்து வாசல் தெளிப்பார்கள் என்று நினைத்தேன். போனை எடுத்து ஒரு படம் பிடித்து அவர்களுக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து தினமும் அனுப்புகிறேன். மகளிடம் சொல்லி ப்ளூ டிக்கைத் திரும்பப் போட வைத்தேன். அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் காபி இறங்குகிறது. செஸ் விளையாடுவதை விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒரு நாள் எட்டு மணிவரை டிக் வரவில்லை. எட்டரைக்கும் வரவில்லை. ஜாஸ்தியை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு, எப்படி ஓட்டினேன் என்று தெரியாமல் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். ஜாஸ்தி ஒரே தாவாகத் தாவி அவர் மடியில் தலையை வைத்தது. மறுநாளும் டிக் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்று நாளும் போனேன். மூன்றாம் நாள் கேட்டேன்.

"போன்ல சார்ஜ் நிக்கலியாம்மா? எடுத்துட்டு வாங்க, கடைல காட்டலாம்."

"போனுக்கு ஒண்ணும் இல்லண்ணா." அவர் நாயின் காதைத் தடவிக்கொண்டே குனிந்த தலை நிமிராமல் சொன்னார். "பாத்துட்டா நீங்க வர மாட்டீங்கல்ல. அதான் தொறக்காம வச்சேன்."

"தொறந்து பாரும்மா. பாத்தாலும் வரேன். தெனமும் வரேன்" என்றேன்.

ஏழு கிலோமீட்டர்தான். நீ இருந்தபோதும் அவ்வளவுதான் இருந்தது.