இன்னொரு தடவை முட்டணும்

மார்ச் 3, செவ்வாய்

கணக்கில் எழுபத்திரண்டு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாப்பாட்டு மேசைக்கு அடியில் விழுந்த சார்ஜரை எடுக்க நானும் என் தம்பி வாண்டும் ஒரே நேரத்தில் குனிந்தோம். மண்டையோடு மண்டை. எனக்குப் பொறி கலங்கிவிட்டது. அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "இன்னொரு தடவை முட்டணும்கா. இல்லன்னா கொம்பு முளைக்கும்" என்றான். பதின்மூன்று வயசு, பள்ளி அணிக்கு கோல்கீப்பர், பேசுகிற பேச்சைப் பார். நான் மாட்டேன் என்றேன். வீடு முழுக்கப் பின்னாடியே வந்து நச்சரித்தான். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

நெற்றி இன்னும் வலிக்கிறது. சனியன்.

மார்ச் 4, புதன்

கொம்பு முளைக்கவில்லை. அதைவிட மோசம்.

கீழ்க் கட்டிலில் கண் விழித்தேன். நான் தூங்குவது மேல் கட்டிலில். என் கை என் கை இல்லை. நகத்துக்குள் மண். ஏறிப் பார்த்தால் அங்கே நான் படுத்திருக்கிறேன். வாயைப் பிளந்து குறட்டை. நான் குறட்டை விடுவேனா? இத்தனை வருஷமாக யாரும் சொல்லவில்லையே!

கத்தினேன். பாதி தகரம், பாதி தவளை. அவனுக்குக் குரல் உடைகிறது. மேலே என் முகம் எழுந்து என்னைப் பார்த்துப் பேயறைந்த மாதிரி உட்கார்ந்தது.

முட்டுடா, இப்பவே முட்டு என்றேன். முட்டினால் சரியாகிவிடும் என்று நேற்று இவன்தானே தலைபாடாய் அடித்துக்கொண்டான்? ஆனால் அவன் என் கண்களால் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிர் மாடி, தண்ணீர்த் தொட்டி, அதில் ஒரு காக்கா. இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். அப்புறம் "சாயங்காலம் பாத்துக்கலாம்கா" என்று இறங்கிப் போய்விட்டான். ஏன் சாயங்காலம்? என்ன இருக்கு யோசிக்க?

அவனுடைய எட்டாம் வகுப்பில் நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிரவில்லை. என் பதினொன்றாம் வகுப்பில் என்னவாயிற்றோ. ரசாயன மிஸ் எழுப்பிக் கேட்டதற்கு "தெரியாது மிஸ், சத்தியமா தெரியாது" என்று சிரித்தானாம். என் மானம் கப்பலேறியது.

மாலையில் கோல் கம்பத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். ஐந்து கோல். எல்லாம் இடது பக்கம். பந்து வருவதே தெரியவில்லை, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மூஞ்சிக்கு முன்னால் வந்து நிற்கிறது. கோச் சார் விசிலைத் துப்பிவிட்டு, "உன்னைச் சுவர்னு சொன்னேன், நீ திறந்த கதவா இருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வலது கண்ணை மூடிப் பார்த்தேன். இடது கண்ணின் ஓரத்தில் ஒரு கறுப்பு. திரையை யாரோ கொஞ்சம் இழுத்து விட்ட மாதிரி.

மார்ச் 5, வியாழன்

அது தூசி இல்லை. முகம் கழுவினேன், தேய்த்தேன், தூங்கி எழுந்தேன். அப்படியே இருக்கிறது. தலையைத் திருப்பினால் ஓரத்தில் பளீரென்று ஒரு மின்னல். நடுவில் கொசுக் கூட்டம், ஆனால் கொசு இல்லை.

பள்ளி விட்டதும் அவனைச் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் மடக்கினேன். "உன் கண்ணுல என்னடா?" முதலில் ஒன்றுமில்லை என்றான். என் முகத்தை வைத்துக்கொண்டு என்னிடமே பொய் சொல்கிறான்! காதைத் திருகப் போனேன், அது என் காது. விட்டுவிட்டேன்.

பிறகு தானாகவே சொன்னான். போன மாதம் பயிற்சியில் பந்து நேராகக் கண்ணில் அடித்ததாம். முதலில் மின்னல், பிறகு கொசு, பிறகு இந்தக் கறுப்பு. யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை இறுதி ஆட்டம், சொன்னால் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். அது மட்டும்தானா என்றேன். செருப்பால் மண்ணைக் கிளறினான்.

"ஆப்பரேஷன்னு சொல்லுவாங்கக்கா. கண்ணுக்குள்ள ஊசி போடுவாங்க. எனக்கு பயமா இருந்துச்சு." ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துவிட்டு, "இப்ப ரெண்டு கண்ணும் நல்லா தெரியுது" என்றான்.

அதனால்தான் முட்ட வரவில்லை. நேற்று ராத்திரி மேசையைச் சுற்றித் துரத்தினேன், என் நீளக் காலை வைத்துக்கொண்டு ஓடியே தப்பித்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அவன் காக்காயைப் பார்த்த விதமும் கூடவே ஞாபகம் வந்தது. சனிக்கிழமை மட்டும் நீ கீப்பராக நின்றுவிடு, நான் வெளியிலிருந்து "இடது, இடது" என்று கத்துகிறேன் என்று யோசனை வேறு சொல்கிறான்.

பயமாக இருக்கிறது. கறுப்பு நேற்றைவிடப் பெரிதா? இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

மார்ச் 6, வெள்ளி

பெரிதுதான்.

காலையில் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டேன். இடது பக்கம் இருந்தது. அம்மா கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து லென்ஸ் மாற்றுகிறவள். டம்ளர் உருண்டதைப் பார்த்துவிட்டு, "வாடா இங்க" என்றாள்.

எங்கள் வீட்டு எழுத்து அட்டை சமையலறைக் கதவின் பின்னால் எத்தனையோ வருஷமாகத் தொங்குகிறது. பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்து வரை எல்லோருக்கும் மனப்பாடம். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாகூட கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரியைச் சொல்வார். அம்மா மாதம் ஒருமுறை எங்களை நிறுத்தி வைத்துக் கேட்பாள், நாங்கள் ஒப்பிப்போம், "என் பிள்ளைங்க கண்ணு கழுகுக் கண்ணு" என்று சந்தோஷப்படுவாள். வாண்டு இப்படித்தான் தப்பித்திருக்கிறான்.

அம்மா உள்ளங்கையால் என் வலது கண்ணை மூடினாள். கடைசி வரி நாக்கு நுனியில் நின்றது. அவளுக்குப் பின்னால் வாண்டு, என் உடம்பில், இரண்டு கையையும் கூப்பிக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

சொல்லிவிடலாம்தானே. சொன்னால் இன்று தப்பிக்கலாம். சொல்லாவிட்டால் அந்த ஊசி எனக்கு. எனக்கு. அவன் கண்ணுக்கு நான் ஏன்?

"தெரியலம்மா," என்றேன். "இடது பக்கம் பாதி கறுப்பா இருக்கு."

கண்ணை மூடியிருந்த அம்மா கை அப்படியே நின்றது. பையை எடுத்தாள், செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெகு நேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விழித்திரை கிழிந்து, சுவரிலிருந்து சுண்ணாம்பு உரிகிற மாதிரி உரிந்துகொண்டு வருகிறதாம். நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கிறது. அதுவும் உரிந்தால் பார்வை திரும்புவது கஷ்டம். நாளைக் காலையே ஆப்பரேஷன். "அதுவரைக்கும் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. முக்கியமா தலையில எங்கயும் இடிச்சுக்கவே கூடாது."

நானும் வாண்டும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபது மாடி உயரத்தில் கம்பியில் தொங்குகிற மனுஷன், ஊசி என்றால் இப்படி. நர்ஸ் முதலில் அவருக்குத்தான் தண்ணீர் கொடுத்தாள். அம்மா வாண்டைப் பார்த்து, அதாவது என்னைப் பார்த்து, "ஒரே ரூம்லதானே இருக்கே, நீயாவது கவனிச்சிருக்கக்கூடாதா" என்று கேட்டாள். "கவனிச்சிருக்கணும்மா" என்றான்.

மார்ச் 7, சனி. ஆஸ்பத்திரி

பேனாவைப் பிடுங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பச்சை அங்கி போட்டுவிட்டார்கள். இடது புருவத்துக்கு மேல் மையால் ஒரு குறி. கையும் ஓடல, காலும் ஓடல. மயக்க மருந்து கொடுப்பார்களாம். தூங்கி எழுந்தா யாரா எழுந்திருப்பேன்? எழுந்திருப்பேனா? செத்துகித்துப் போனா அம்மா யாருக்காக அழுவா? அவனுக்குத்தான் அழுவா. நான்னு யாருக்குமே தெரியாது.

அம்மா அப்பாவைப் பார்க்க வெளியே போனதும் வாண்டு வந்தான். என் முகம் அழுது வீங்கியிருந்தது.

"முட்டிடலாம்கா. என் கண்ணு. நான்தான் படுக்கணும்."

குனிந்துவிட்டான். நெற்றி கைக்கெட்டும் தூரத்தில். என் நெற்றி, என் முடி, என் இரண்டு நல்ல கண். மூன்று நாளாக இதற்குத்தானே தவமிருந்தேன்? முட்டினால் எழுந்து வெளியே நடந்துவிடலாம். மெதுவாக முட்டலாம் என்றான். மெதுவாக முட்டி வேலை செய்யாவிட்டால்? இன்னும் கொஞ்சம் பலமா, இன்னும் கொஞ்சம் என்று போவான், இவனை எனக்குத் தெரியாதா. மிச்சமிருக்கிறதும் உரிந்துவிடும்.

வேணாம்டா, தள்ளிப் போ என்றேன். தைரியம் ஒரு மண்ணும் இல்லை. அவன் போகாமல் என் கையை, அவன் கையை, பிடித்துக்கொண்டு நின்றான். சக்கரக் கட்டில் வரு

மார்ச் 9, திங்கள்

எழுந்தேன். அவனாகவே.

அவர்கள் அணி தோற்றுவிட்டது. மாற்றுக் கீப்பர் நான்கு விட்டானாம். வாண்டு கேட்டுவிட்டு என் போர்வையை இழுத்து விட்டான்.

மார்ச் 12, வியாழன்

வீடு. குப்புறப் படுத்து, தரையில் டைரியை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணல்.

கண்ணுக்குள் வாயுக் குமிழ் ஒன்று வைத்திருக்கிறார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம், அதனால் எந்நேரமும் முகம் கீழே. தலை அசைந்தால் குமிழும் அசைகிறது, அப்பா லிஃப்டில் மட்டம் பார்க்கிற ரசமட்டக் குமிழ் மாதிரி. மற்றபடி எல்லாம் பால் வெள்ளை. இப்படியே இருந்துவிடுமோ என்று நினைத்தால் தூக்கமே வருவதில்லை. அம்மாவிடம் சொன்னால் முதுகைத் தடவி, "என் கண்ணு" என்கிறாள். அவனுக்குச் சேர வேண்டியதை நான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வாண்டு பள்ளியிலிருந்து வந்ததும் கட்டிலுக்கு அடியில் புகுந்து மல்லாந்து படுத்துக்கொள்கிறான். நான் கட்டில் விளிம்புக்கு வெளியே முகத்தை நீட்டினால் கீழே என் முகம். என் ரசாயனப் பாடத்தை எனக்கே வாசித்துக் காட்டுகிறான், தப்புத் தப்பாக. பின்னலும் அவன்தான் போட்டுக்கொள்கிறான், வைக்கோல் கயிறு மாதிரி. இன்று பாதி வாசிப்பில் நிறுத்தி, "வலிக்குதாக்கா?" என்றான். கொஞ்சம் என்றேன். புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டான். வெகு நேரம் எடுக்கவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

குமிழ் கரைந்துவிட்டது. கறுப்பு இல்லை. நாளைக்கு டாக்டரம்மா சரி என்று சொன்னால் முட்டுவோம்.

வேலை செய்யாவிட்டால்? யோசிக்காதே. தூங்கு.

ஏப்ரல் 18, சனி

நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது என்று சொல்லிவிட்டார். பந்து மட்டும் இப்போதைக்கு வேண்டாம், பார்வை மெல்ல மெல்லத்தான் ஏறும், எவ்வளவு ஏறும் என்று இப்போது சொல்ல முடியாது. லேசாகத் தலை பட்டால் பரவாயில்லையா என்று வாண்டு மூன்று தடவை கேட்டான். உங்க அக்காவுக்கு உன் மேல ரொம்பப் பாசம் என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அதே மேசைக்கு அடியில் உட்கார்ந்தோம். நீ முதல்ல, நீ முதல்ல என்று கொஞ்ச நேரம் ஓடியது. கடைசியில் முட்டவே இல்லை. நெற்றியோடு நெற்றி தொட்டோம், அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது முகத்தில் என் முடி விழுந்திருந்தது. சிக்கு, எண்ணெய், ஒரு மாதமாகச் சீப்பு சரியாகப் படாத முடி. கொன்றுவிடுவேன் அவனை.

சமையலறைக் கதவில் அந்த அட்டை இல்லை. அம்மா அதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடையிலிருந்து வேறொன்று கொண்டுவந்திருக்கிறாள். அதை எங்களுக்குக் காட்டுவதில்லை, பையில் பூட்டி வைக்கிறாள், கேட்கும்போது மட்டும் வெளியே வரும். இன்று வாண்டை நிறுத்தி வலது கண்ணை மூடினாள். இரண்டு வரி படித்தான். மூன்றாவதில் தடுமாறினான். நான்காவது "தெரியலம்மா" என்றான். அட்டை முன்னால் நின்று தெரியலை என்று அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மா போதும் என்று அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் வலது கண்ணை மூடியபடியே என் பக்கம் திரும்பினான். கழுத்தை நீட்டி, புருவத்தைச் சுருக்கி, என் முகத்தை வெகு நேரம் பார்த்தான்.

"அக்கா, நீ அழுறியா?"

"இல்லடா."

"அழுற," என்றான். "தெரியுது."