ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம்தான். பாப்பாவுக்கு இழுப்பு குறைந்ததா?

மறுபடியும் வீடு மாறிவிட்டேன். நல்ல காற்று வரும் தெருக்களில் வாடகையைக் கேட்டாலே மூச்சு முட்டுகிறது. புரோக்கர் காட்டிய இந்த வீடு மலிவு. நீங்கள் இருவரும் வந்தாலும் தாராளமாகப் புழங்கலாம் என்று துள்ளிக் குதித்து முன்பணம் கொடுத்தேன். திங்கட்கிழமை விடிந்ததும் எதிர் ஆலை கரும்புகை கக்கியது. பக்கத்து வீட்டு வெல்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஞாயித்துக்கிழமையா வந்து பார்த்தீங்க? அன்னிக்கு ஆலை லீவுங்க. வேற நாள்ல அவன் காட்டவே மாட்டான்!”

பயப்படாதே, எனக்கு இருமல்கூட இல்லை. ஆனால் இப்போதைக்கு டிக்கெட் எடுக்காதே. வேறு இடம் தேடிக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஜன்னல் இடுக்கை அடைக்க உன் பழைய சேலை ஒன்று வேண்டும். கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. சேலை எப்படியும் கரியாகத்தான் போகிறது; துவைக்காமலே அனுப்பு.

பாப்பாவின் அப்பா