இல்லாத கிளச்

ஞாயிறு, இரவு.

தூக்கம் வரவில்லை. மாலையில் கும்மிடிப்பூண்டி மேம்பாலத்தில் இரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்துவதற்காக இவர் ஆட்டோமேட்டிக் காரை முதல் தடவையாக மேனுவலுக்கு மாற்றினார். அதில் எந்த கியர் என்பதை நாம் சொல்லலாம், கிளச் வேலையைக் கார் தானே பார்த்துக்கொள்ளும். லீவரைப் பின்னால் இழுத்தால் ஒரு கியர் இறங்கும். இழுத்தார். இந்தக் கார் வாங்கியதிலிருந்து சும்மா கிடந்த இடது காலும் கூடவே ஓங்கி மிதித்தது. லாரி ஓட்டிப் பழகிய கால். கிளச் இருக்கவேண்டிய பக்கம் பிரேக்தான் இருந்தது.

கார் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு, ஒரு முழத்தில் நின்றது. பின்சீட்டில் பாப்பா வீறிட்டாள்.

"தானா பிரேக் புடிச்சிக்கினு நிக்குது, பேஜாரு புடிச்ச வண்டி! ஷோரூம்ல போய் கேக்கறேன் பாரு" என்றார்.

நான் அந்தக் காலைப் பார்த்தேன். இத்தனை வருஷம் லாரி ஓட்டிய டிரைவரிடம் எப்படிச் சொல்வது?

"நாளைக்கு பாப்பாவ ஸ்கூல்ல நானே பஸ்ல போய் வுட்றேங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு? கார்லயே இட்டுக்கினு போறேன்."

இப்போது தூங்குகிறார். போர்வைக்குள் இடது கால் எதையோ மிதித்து மிதித்து விடுகிறது.

கார் சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.