ஆமைகள் முந்திக்கொண்ட வசந்தம்

அன்புள்ள குன்சுலுவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? மூன்று செய்திகளை வரிசையாக எழுதுகிறேன்:
1. என் நலம்.
2. பண்ணையில் ஒரு காய்ச்சல், அதன் காரணம்.
3. எனக்கு வேண்டியவை.

நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

காய்ச்சல் ஷோல்பனுக்கு, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பெண். இந்தக் குளிர்காலம் குளிரவே இல்லை, உண்ணிகள் சாகவில்லை. வெயிலில் ஆடுகளுக்கு மூச்சிரைத்ததால் கத்தரிப்பை முன்னதாகவே தொடங்கினார்கள். உண்ணி மருந்து தெளிப்பதை மட்டும் கால்நடை மருத்துவனான நான் வழக்கமான தேதிக்கே வைத்திருந்தேன். ஷோல்பனுக்குக் கையுறை கொடுத்தேன்.

"போங்க ஐயா, இதப் போட்டா ரோமமே பிடிபடல. உங்க மருந்து வர்ற வரைக்கும் என் நகம் போதும்" என்று சொல்லி ஓர் உண்ணியை நசுக்கினாள். நானும் சிரித்தேன். நசுக்கிய உண்ணியிலிருந்து தொற்றி, சில நாளில் காய்ச்சல், ஈறில் ரத்தம். மருத்துவமனையில் இருக்கிறாள். ரத்தம் நின்றுவிட்டதாம், இன்னும் பேசவில்லை. அவள் கணவன் பெக்சாத் என்னைத் திட்டவில்லை. "ஐயா, டீ குடிச்சீங்களா?" என்றுதான் கேட்டான்.

கம்பளிக் காலுறையும், நீ உருட்டிக் காயவைத்த தயிர்க்கட்டியும் அனுப்பு. நம் நாயைப் பற்றியாவது இரண்டு பக்கம் எழுது. இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் பால் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உன்,
எசெங்கெல்தி

குன்சுலு, இரண்டாவதில் குளிர்காலத்தின்மேல் பழி போட்டது தவறு. மண்ணுக்குள் உறங்கும் ஆமைகள் வசந்தப் புத்தாண்டான நௌரிஸ் பண்டிகைக்கு முன்பே வெளியே வந்து நடந்தன. பார்த்தேன். ஆமை எழுந்தால் உண்ணியும் எழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானே குறித்த தேதியை நானே மாற்றக் கூச்சப்பட்டு, அப்படியே விட்டுவிட்டேன்.