துருக்கிப் படத்தில் கேட்ட சொல்

காஜா பேராங்,
மலாக்கா.
21.7.1957

அன்புள்ள பெரியண்ணனுக்கு,

வணக்கம். சண்டாக்கானிலிருந்து ஜூன் மாதம் நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மரக் கம்பெனிக்கு வந்திருக்கும் புது மேலாளர் மரியாதையாக நடத்துகிறார் என்பதும், காலில் பழைய புண் இந்த மழைக்கு வலிக்கவில்லை என்பதும் படித்து ஆறுதலாக இருந்தது. நானும் அம்மாவும் நலம் என்று தொடங்கிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நான் நலம். அம்மாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஊரில் எங்கே பார்த்தாலும் அடுத்த மாதம் வரும் சுதந்திரத்துக்கான மெர்டேக்கா ஏற்பாடுதான். ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடைக்காரர்கள் கொடித் துணியை வாசலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பள்ளியில் பிள்ளைகளுக்கு அணிவகுப்புப் பழக்குகிறோம். இடது கால் எது என்று இன்னும் முடிவுக்கு வராத மூன்றாம் வகுப்பு என் பொறுப்பு.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நம் ஊர்க் கொட்டகையில் ஒரு துருக்கிப் படம் போட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து பெட்டி வந்தபோது உள்ளே என்ன இருக்கிறது என்று முதலாளி பார்க்கவில்லை. துருக்கி என்றால் பள்ளிவாசலும் தொழுகையும்தான் என்று அவராகவே முடிவு செய்து, ‘பெருநாளுக்கேற்ற புனிதச் சித்திரம், குடும்பத்தோடு காண வாரீர்’ என்று தமிழிலும் மலாயிலும் நோட்டீஸ் அடித்துவிட்டார். மலாய்க் குடும்பங்கள் பெருநாள் துணியோடு வந்தன. எந்தச் சாமியாக இருந்தால் என்ன, புண்ணியம் புண்ணியம்தானே என்று பக்கத்து வீட்டுச் சாரதாம்பாள் அக்காவும் கிளம்பினார். அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

இந்த வரியை நீங்கள் மறுபடி படிப்பீர்கள் என்று தெரியும். ஆமாம், அம்மா கொட்டகைக்குப் போனாள். பதினான்கு வருஷமாக அந்தத் தெரு வழியாகக்கூட நடக்காதவள். ஜப்பான்காரன் இலவசப் படம் காட்டுகிறான் என்று நீங்களும் சின்னண்ணனும் போனீர்கள். கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றி, சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது நீங்கள் மட்டும்தான். அன்றிலிருந்து நம் வீட்டில் யாரும் சினிமா என்ற சொல்லையே சொன்னதில்லை. “சாமி படம்னு சொன்னாங்க, அதான் போனேன்” என்று பிறகு அம்மா சொன்னாள்.

படத்தில் சாமி இல்லை. ஒரு கிராமத்து வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். பட்டாளத்துக்குப் போன ஓர் இளைஞன் துண்டு துண்டாக அந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறான். அவள் ரொட்டிக்கு மாவு பிசையும்போது மாவுக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவள் கையைப் பிடிக்கிறது. மாதுளம்பழத்தைப் பிளந்தால் முத்துகளுக்கு நடுவே ஒரு காது. கூரையிலிருந்து இரத்தம் சொட்டுகிறது. நம் வீட்டில் மழை ஒழுகும்போது வைப்பதுபோல அவள் கீழே சட்டி வைக்கிறாள். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இரத்தம் தார் மாதிரி இருக்கிறது. கிடைத்ததையெல்லாம் அவள் ஊசி நூலால் தைத்துச் சேர்க்கிறாள். தலை மட்டும் கிடைக்கவில்லை. அது கிணற்றுக்குள் கிடந்து கத்துகிறது. அவள் தறியில் உட்கார்ந்திருக்கிறாள். தறிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

முதல் நாள் பாதிப் படத்தில் கூட்டம் எழுந்து போய்ச் சண்டை போட்டிருக்கிறது. படத்தைத் திருப்பியனுப்ப ஆதாரம் வேண்டும் என்று முதலாளி வாசலில் ஒரு நோட்டு வைத்து, பார்த்தவர்கள் கருத்தை எழுதச் சொன்னார். ஆனால் பயந்து பார்ப்பதற்கென்றே மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். படம் ஒரு வாரம் ஓடியது. சனிக்கிழமை, கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் பொன்னுதுரை அந்த நோட்டோடு வீட்டுக்கு வந்தார். அம்மா கோவிலுக்கு என்று வெளியே போயிருந்தாள். தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால் அடுத்த ஊர்களில் விளம்பரத்துக்கு ஆகும் டீச்சர் என்றார். சரி என்றேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று படிப்பதில் எனக்கு எப்போதும் ஆசை உண்டு, உங்களுக்குத் தெரியும்.

முதலில் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். ‘ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் ஒரு பள்ளிவாசலைக்கூடக் காட்டவில்லை, என் மாமனார் முகத்தில் விழிக்க முடியவில்லை’ என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர். ‘அது இரத்தம் இல்லை, கறுப்புக் கிச்சாப்புச் சாறு. என் கடையிலேயே இதைவிடக் கெட்டியாகக் கிடைக்கும்’ என்று ஒரு மளிகைக்காரர். ‘கண்ணை மூடிக்கொண்டே பார்த்தேன், நன்றாக இருந்தது’ என்று ஒரு பெண். பெரும்பாலானவர்களின் சண்டை ஒன்றைப் பற்றித்தான். படத்தில் யாருக்கும் எந்தச் சொல்லும் புரியவில்லை. கிணற்றிலிருந்து வரும் ஒரு சொல் மட்டும் எல்லாத் தமிழருக்கும் புரிந்திருக்கிறது. அண்ணே, அண்ணே என்று அவன் கத்துகிறான். அப்படியானால் அந்த அண்ணன் யார், எங்கே? தொடக்கத்தில் வரும் மீசைக்காரன்தான் என்று சிலர். ‘தம்பி தொண்டை கிழியக் கத்துறான், அண்ணன்காரன் கடைசிவரைக்கும் தலையக் காட்டல. இவனெல்லாம் ஒரு அண்ணனா?’ என்று ஒருவர் பென்சிலை அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்திருந்தது.

வீட்டில் மலாய் மட்டுமே பேசும் தெருக்கோடி மலாக்காச் செட்டி வீட்டு அம்மாள் மலாயில் ‘கெசியான் இபு டியா’ என்று எழுதியிருந்தார். பாவம் அவன் தாய் என்று. அந்தப் பெண்ணைத் தாய் என்று சொன்னவர் நோட்டு முழுவதிலும் அவர் ஒருவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. அதன் அர்த்தம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒரு பக்கத்தில், பொன்னுதுரையின் கையெழுத்தில், யாரோ சொல்லச் சொல்ல எழுதியது. கீழே கட்டைவிரல் ரேகை. அப்படியே தருகிறேன்.

‘கெணத்துல கெடந்து கத்துறது என் ரெண்டாவது மகன் தியாகு. கொட்டகைக்குள்ள போன பிள்ள கொட்டகையிலதான் இருக்கான். அஞ்சு நாளா வந்து பாக்குறேன். அண்ணே அண்ணேன்னு கூப்புடுறான். அண்ணன் போகல. ஏன் போகலன்னு யாராவது கேட்டுச் சொல்லணும்.’

நான் பள்ளியில் இருக்கும் நேரத்தில், கோவிலுக்கு என்று சாரதாம்பாள் அக்காவிடம் சொல்லிவிட்டு, அம்மா தினமும் மூன்று மணி ஆட்டத்துக்குப் போயிருக்கிறாள். பொன்னுதுரைக்கு அவள் என் அம்மா என்று தெரியாது. “இந்த பெரியம்மா சொன்னத நல்லா எழுதுங்க டீச்சர், இதுதான் டாப்பு” என்றார். அந்தப் பக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. “தூக்கத்துலயே போயிட்டான், யாரையும் கூப்புடலன்னு சொன்னானே பெரியவன். பன்னண்டு வருசமா அதத்தான் நெனச்சுக்கிட்டுப் படுக்குறேன். நீ அவனுக்கு எழுது. கூப்புட்டானா இல்லையா, அத மட்டும் கேளு” என்றாள். மற்ற எதிலும் அவள் புத்தி பிசகவில்லை, அண்ணா. அரிசி அளவு தப்பவில்லை. என் சேலையில் கிழிசல் இருந்ததைக்கூட அன்றே பார்த்துத் தைத்து வைத்திருந்தாள்.

நான் உங்களுக்கு எழுதவில்லை. அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கக்கூடாது என்றுதான், ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு நானும் கடைசி ஆட்டத்துக்குப் போனேன். இருட்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிணற்றுக் காட்சி வந்ததும் விட்டுவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சொல்லை மட்டும் கேட்டேன். நாக்கு மேலே மடியவில்லை, பல்லோரம்தான் பட்டது. பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு சுழி, மூன்று சுழி சொல்லிக்கொடுப்பவளுக்கு அது தெரியாமல் போகுமா? அது அண்ணே இல்லை. அன்னே. அன்னையைக் கூப்பிட்டால் செய்யுளில் வருமே, அந்த அன்னே.

திங்கட்கிழமை மலாய் ஆசிரியை சஹாராவிடம் கேட்டேன். ஜொகூர்க்காரர், தாய்வழியில் துருக்கியர். அவர் சிரித்துவிட்டார். அது அம்மா என்றார். அவர் தாயார் தன் தாயை அப்படித்தான் கூப்பிடுவாராம்.

அன்று வீட்டுக்கு நடந்த நடையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஏறக்குறைய ஓடினேன். ஒரு சொல்லைக் கொண்டு உங்களைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். அம்மா நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்: “அது அண்ணே இல்லம்மா. துருக்கியில அம்மாவத்தான் அப்படிக் கூப்புடுவாங்களாம். அவன் அண்ணனக் கூப்புடவே இல்ல.”

அவள் கை நின்றது. “என்னயா?” என்றாள்.

நெத்திலிச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, “என்னயா கூப்புட்டான்? நான் இங்கதானே இருந்தேன். மரவள்ளிக் கெழங்கு வேக வச்சிக்கிட்டு இங்கயேதானே இருந்தேன். எனக்குக் கேக்கலியே” என்றாள். பிறகு, நான் இதுவரை அறியாத ஒன்றைச் சொன்னாள். அன்றைக்குச் சின்னண்ணனுக்குப் படத்துக்குப் போக விருப்பமே இல்லையாம். நாள் முழுக்க வீட்டில் கிடக்கிறான், அவனையும் கூட்டிக்கொண்டு போ என்று உங்களிடம் சொன்னது அவள்தானாம்.

இது வெறும் படம், நடித்தவன் யாரோ துருக்கிக்காரன், சின்னண்ணன் தமிழில்தானே கூப்பிட்டிருப்பார் என்று எனக்குத் தெரிந்த விதத்திலெல்லாம் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, “அர்த்தம் கேட்டுக்கிட்டு வந்தது நீதானே” என்றாள். அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன்.

அன்றிலிருந்து அவள் உங்களைப் பற்றிக் கேட்பதில்லை. அரிசி களையும்போது, துணி பிழியும்போது, “இந்தா வரேன், இரு” என்கிறாள். யாரம்மா என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். படம் மூவாருக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை பள்ளி முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாரதாம்பாள் அக்காவின் கணவர்தான் பஸ் நிலையத்தில் பார்த்துக் கூட்டி வந்தார். மூவார் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாளாம். மடியில் தூக்குச்சட்டி. அதில் சோறும் நெத்திலி வறுவலும். இறங்கச் சொன்னதற்கு, “பிள்ள பசியில கெடக்கான், நான் போய்ட்டு ஒடனே வந்துடுறேன் தம்பி” என்றாளாம். சாரதாம்பாள் அக்கா பகலில் அவளோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். படத்துக்குக் கூட்டிப்போன பாவம் தன்னுடையது என்று அழுகிறார். மூவாருக்குப் பிறகு படம் பத்து பகாட் ஊருக்குப் போகுமாம். அதற்குப் பிறகு எந்த ஊர் என்று பொன்னுதுரைக்கே தெரியவில்லை. எல்லா ஊருக்கும் பஸ் இருக்கிறது, அண்ணா.

அடுத்ததை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் சயாமிலிருந்து வந்த புதிதில், மலேரியாக் காய்ச்சலில் கிடந்தீர்கள். ஒரு மத்தியானம் அம்மா மருந்து வாங்கப் போனபோது என்னை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். எனக்குப் பத்து வயது. “கத்தாதடா, அடிப்பானுங்க. இருடா, விடிஞ்சதும் வரேன்” என்று நீங்கள் சொன்னீர்கள். அம்மா வரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீங்கள் ஏன் பத்து வருஷமாக இந்தப் பக்கம் வரவில்லை என்று நான் ஒரு கடிதத்திலும் கேட்டதில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

இப்போது கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். நீங்கள் வந்து, சின்னண்ணன் உங்களைத்தான் கூப்பிட்டார் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். கடிதத்தில் வேண்டாம், கடிதத்தை நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கும், என் வாயிலிருந்து வரும் எதையும் அவள் இனி நம்பமாட்டாள். அவள் உங்களைத் திட்டலாம். அடிக்கவும் செய்யலாம். எப்படியாவது அந்தக் குரலை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதை உங்கள்மேல் தூக்கி வைக்கிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். என்னால் தூக்க முடிந்திருந்தால், சின்னண்ணன் என்னைக் கூப்பிட்டார் என்று நானே சொல்லியிருப்பேன். எட்டு வயதுப் பிள்ளையை யார் கூப்பிட்டிருப்பார்கள்?

மெர்டேக்காவுக்கு உங்கள் கம்பெனியில் விடுமுறை கொடுக்கிறார்களா என்று தெரியவில்லை. கொடுக்காவிட்டாலும் கேட்டுப் பாருங்கள். வரும் வழியில் கடல் அமைதியாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். வந்ததும் நேரே உள்ளே வந்துவிடாதீர்கள், அண்ணா. வாசலில் நின்று அம்மா என்று ஒருமுறை கூப்பிடுங்கள். கூப்பிட்டதும் அவள் எழுந்து வருவாள். அந்தத் தூரம் அவளால் இன்னும் நடக்க முடியும்.

என்றும் உங்கள் வரவை எதிர்பார்க்கும் தங்கை,
ருக்மணி